உழைச்செல்வான்: ஒரு பெயரின் தடம்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பகுதியும் உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறது. மருத்துவர் அதில் வந்து சேர்வதே கடைசிக்கு முந்திய இரண்டு பாக்களில்தான். அதிகாரத்தை முடிக்கும் 950ஆம் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர் ஒரு கூறு, நோயைத் தீர்ப்பவர் ஒரு கூறு, மருந்து ஒரு கூறு. நான்காவது கூற்றுக்கு அவர் இடும் பெயர் உழைச்செல்வான்.

பதினொன்றாம் வகுப்பில் செவிலியம் என்ற தொழிற்கல்விப் பாடத்தை எடுத்துக்கொண்டு, வரும் ஆண்டுகளில் மருத்துவமனை வார்டில் யாராக நிற்கப்போகிறோம் என்று எண்ணிப் பார்க்கும் பதினாறு வயது மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய சொல் இது என்பது என் எண்ணம். மருத்துவர், பொறியாளர் என்னும் பெயர்கள் வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் காதில் ஓயாமல் விழுகின்றன. நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பணிக்கும் ஒரு பெயர் உண்டென்பதும், அது மருத்துவரின் பெயரோடு ஒரே குறளில் சரிக்குச் சரியாக வைக்கப்பட்டது என்பதும் பெரும்பாலும் விழுவதில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். உழை என்பது பக்கம், இடம் என்று பொருள்படும் பெயர். ஏழாம் வேற்றுமை உருபாகவும் வரும். கண், கால், கடை, இடை என்று தொடங்கி நன்னூலார் அடுக்கும் இருபத்தெட்டு உருபுகளில் உழையும் ஒன்று. இன்று 'அவரிடம் போனான்' என்று நாம் சொல்லும் இடத்தில் பழந்தமிழில் 'அவருழைச் சென்றான்' என்று சொல்லியிருக்கலாம். உழைப்பு என்ற சொல்லும் இதே ஒலியில் நிற்பதால், உழைச்செல்வான் என்றதும் இன்றைய காது பாடுபடுபவன் என்றே கேட்கிறது. பணியைப் பார்த்தால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் வள்ளுவர் எண்ணியது பாடு அன்று, பக்கம். வல்லினம் மிக்கு நடுவில் நிற்கும் அந்தச் 'ச்', பக்கத்தையும் நடையையும் ஒரே மூச்சில் கட்டிவிடுகிறது.

வள்ளுவரே இந்த உழையை வேறோரிடத்திலும் ஆண்டிருக்கிறார். அமைச்சு அதிகாரத்தில் அமைச்சனுக்கு அவர் தரும் பெயர் உழையிருந்தான். அரசன் பக்கத்தில் இருப்பவன் உழையிருந்தான், நோயாளி பக்கத்தில் செல்பவன் உழைச்செல்வான்; இரண்டு பெயருக்கும் முதற்பகுதி ஒன்றுதான். தானும் அறியாமல் பிறர் சொல்வதையும் தள்ளிவிடும் அரசனாக இருந்தாலும் அவனுக்கு நல்லதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவனின் கடமை என்பது அந்தக் குறளின் கருத்து. மாத்திரையைத் துப்பும் முதியவரிடம், எழுந்து நடக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அறுவை நோயாளியிடம், வார்டில் நாள்தோறும் நடப்பதும் இதுவே. பக்கத்தில் இருப்பவருக்கே சொல்லும் உரிமையும் கடமையும் சேர்ந்து வருகின்றன.

இனிச் செல்வான் என்னும் பிற்பகுதி. வடமொழி மருத்துவ நூலான சரக சங்கிதையும் மருத்துவத்தை நான்கு பாதங்களாகவே பகுக்கிறது. அங்கே இந்தப் பணியாளருக்குப் பெயர் உபஸ்தாதா. உப என்றால் அருகில், ஸ்தா என்றால் நிற்றல். ஆக, அருகில் நிற்பவர். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்துசேர்ந்த அசிஸ்டென்ட் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்தைத் தோண்டினாலும் அருகில் நிற்றல் என்ற பொருளே கிடைக்கிறது. அந்த இலத்தீன் வினையும் வடமொழி ஸ்தாவும் ஒரு வேரின் இரு கிளைகள். இரு மொழிகளும் நிற்பவர் என்று பெயர் வைத்த பணிக்குத் தமிழ் செல்பவர் என்று பெயர் வைத்தது. நிற்பவரிடம் நோயாளி கேட்க வேண்டும். செல்பவர் கேட்குமுன் வந்துவிடுகிறார். வார்டில் ஒரு பணிநேரம் முழுவதும் கட்டிலுக்குக் கட்டில் நடக்கும் கால்களைக் கண்டவர்கள், தமிழ் பிடித்த வினை எவ்வளவு கண்ணால் கண்ட வினை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

அசிஸ்டென்ட் என்ற பெயர் இந்தத் துறையில் வழங்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் நர்சிங் அசிஸ்டென்டுகளுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று 1987இல் ஒன்றிய அரசு சட்டம் செய்தது. அதில் 16 மணி நேரமாவது ஒருவர் மேற்பார்வையில் செய்து பழக வேண்டும், தேர்வும் உண்டு. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் படிக்கும்போதே இந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறுகிறார்கள். மருத்துவத் துறைக்குள் நுழைய அவர்களுக்கு வாய்க்கும் முதல் வாசல் பலநேரம் இதுதான்.

மீண்டும் குறளுக்கு வருவோம். பரிமேலழகர் 950ஆம் குறளுக்கு உரை எழுதும்போது உழைச்செல்வானை இயற்றுவான் என்று விளக்குகிறார்; நான்கு கூறுகளுக்கும் நான்கு நான்கு இயல்புகள் வகுத்த மருத்துவ நூல் மரபையும் எடுத்துக்காட்டுகிறார். இயற்றுவானுக்குரிய நான்கும் இவை: நோயாளியிடம் அன்பு, மனம், மொழி, மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. இன்றைய செவிலி உதவியாளர் பயிற்சியின் பாடத்திட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இந்த நான்கும் வேறு தலைப்புகளில் அங்கே இருக்கும். மெய்த்தூய்மை என்பது கை கழுவும் முறையாக, கையுறை அணியும் முறையாக வரும். சொன்னபடி செய்யும் வன்மை என்ற தொடரில் வன்மை என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழ்ப்படிதல் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம், உரைகாரர் நிறுத்தவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருந்தால், விடியற்காலை நான்கு மணிக்கும் அதைச் செய்ய உடலிலும் மனத்திலும் வலிமை வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து தோல் சிவந்து படுக்கைப் புண்ணாகிவிடும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் என்று அந்த இடங்களையும் பயிலுநர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அறிவு.

உழைச்செல்வான் ஆண்பாற்பெயர். அதற்கு இணையான பெண்பாற்பெயர் சங்க இலக்கியத்தில் வேறொரு வாசல் வழியாக வருகிறது, அதுதான் செவிலி. செவிலி நோயாளியைப் பார்த்தவள் அல்லள், குழந்தையை வளர்த்தவள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், அவள் மகள் தோழி என்பது தொல்காப்பியர் வரைந்து காட்டும் குடும்பப் படம். செவி, செவ்வி, செம்மை என்று ஒலி ஒத்த சொற்களைக் கண்டதும் வேர் கிடைத்துவிட்டதாக மகிழத் தோன்றும். ஒலியொப்புமை ஒன்றே வேராகாது என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, சொல் என்ன செய்தது என்பதைப் பின்தொடர்வதே நல்லது.

செய்தது ஏராளம். நிகண்டு மரபு செவிலித்தாயரை ஐந்து வகையாகப் பிரித்து ஐவருக்கும் தனித்தனிப் பெயர் தந்திருக்கிறது: ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய். இந்த ஐந்து பெயர்களையும் மெல்ல உச்சரித்துப் பாருங்கள். ஆட்டுவாள் நீராட்டுபவள். ஊட்டுவாள் சோறூட்டுபவள்; உண் என்னும் தன்வினை ஊட்டு என்னும் பிறவினையாகும்போது முதலெழுத்து நீள்கிறது, ஊட்டுவதும் உண்பதைவிட நெடுநேரம் பிடிக்கும் வேலைதான். ஓலுறுத்துவாள் தாலாட்டி உறங்கவைப்பவள். ஓல் என்பது தாலாட்டின் இழுப்போசை. நொடி என்றால் சொல். நொடிபயிற்றுவாள் பேசக் கற்றுத் தருபவள். ஐந்தாமவள் கைத்தாய். இவள் குழந்தையைக் கையில் ஏந்தி, உடுத்தி, ஒப்பனை செய்பவள். ஒரு பணியைக் கையின் பெயராலேயே அழைத்த அழகை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

குளிப்பாட்டல், உணவூட்டல், உறக்கத்துக்கு உதவல், பேச்சுத் துணை, தூக்கி உட்காரவைத்து உடை மாற்றல் ஆகிய இந்த ஐந்தும்தான் உலகம் முழுவதும் செவிலி உதவியாளரின் அன்றாடப் பணி. பட்டம் பெற்ற செவிலியர் ஊசி போடவும், மருந்தளவு பார்க்கவும், இரத்தம் ஏற்றவும், குறிப்பெழுதவும் நேரம் கொடுக்க வேண்டியிருப்பதால், பழைய செவிலியின் ஐந்தொழில் படிப்படியாக உதவியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெயர் மேலே ஏறியது. வேலை கீழே இறங்கியது. சொல்லின் நேர்ப்பொருளைத் தேடிப்போனால், இன்று செவிலி என்ற பெயருக்கு மிக அருகில் நிற்பவர், செவிலியர் என்று அழைக்கப்படாத அந்த உதவியாளரே.

ஆட்டுவாள் செய்வதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். எழ முடியாத நோயாளியைப் படுக்கையிலேயே துடைத்துக் குளிப்பாட்டும் முறை, செய்முறை வகுப்பில் முதலில் பொம்மையை வைத்துக் கற்றுத் தரப்படுகிறது. திரையை இழுத்து மறைத்த பிறகே உடையைத் தளர்த்த வேண்டும். வெந்நீரின் சூட்டைத் தன் கையில் பார்த்துவிட்டுத்தான் துணியை நனைக்க வேண்டும். முதலில் கண். மூக்கை ஒட்டிய மூலையில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். மற்றக் கண்ணுக்குத் துணியின் வேறொரு மூலை, ஏனென்றால் ஒரு கண்ணின் தொற்று மறு கண்ணுக்குப் போகக்கூடாது. பிறகு முகம், கழுத்து, கை என்று கீழே வரவேண்டும். துடைக்கும் உறுப்பு மட்டும் வெளியே தெரிய வேண்டும். மற்ற உடம்பு போர்வைக்குள். ஒவ்வோர் உறுப்பையும் துடைத்த கையோடு ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், குறிப்பாக விரலிடுக்கையும் அக்குளையும். செய்யப்போவதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும், அவர் நினைவிழந்து கிடந்தாலும். ஆட்டுவாளும் நொடிபயிற்றுவாளும் கைத்தாயும் ஓர் உடம்பில் கூடிநிற்கும் நேரம் அது. ஊட்டுவாளின் முறை வரும்போது, தலைப்பக்கம் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் என்னும் பொறுமை. படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும்.

செவிலிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், மணமாகிப் போன மகளின் புதுவீட்டுக்குப் போய்வந்த செவிலி, தான் கண்டதை நற்றாயிடம் சொல்கிறாள். பாடியவர் கூடலூர் கிழார். தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டதையும், தாளிப்பின் புகை கண்ணில் படிந்ததையும், கணவன் இனிது என்று உண்டபோது அவள் முகம் மிக நுண்மையாக மலர்ந்ததையும் செவிலி ஒன்றுவிடாமல் கண்டிருக்கிறாள். மகள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. கண்டதைக் கண்டபடி அடுக்குகிறாள், முடிவு கேட்பவளுக்குத் தானே விளங்குகிறது. கண்டறிந்து உரைத்தல் என்று இன்றைய பயிற்சி அழுத்திச் சொல்வதும் இதுதான். காலையில் அரை இட்லி மட்டும் சாப்பிட்டார், சிறுநீர் இவ்வளவு கழித்தார், உடல் வெப்பம் 101 டிகிரி, நாடி 110, இடது குதிகாலில் சிவப்பு இருக்கிறது என்று சொல்வதே உரை. என்ன நோய் என்று முடிவு கட்டுவது மருத்துவரின் வேலை. ஆரோக்கியமான ஒருவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்று மனத்தில் பதித்துக்கொண்ட பதினொன்றாம் வகுப்பு மாணவி, 110 என்று விரல் நுனியில் எண்ணியதும் ஓடிப்போய்ச் சொல்வாளானால், அவள் குறுந்தொகைச் செவிலியின் நேர் வழித்தோன்றல்.

இடைக்காலத்தில் இந்தப் பணியாளர் கல்லெழுத்திலும் வந்துவிட்டார். காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையைப் பதிவு செய்கிறது; மருத்துவர், அறுவை செய்பவர் ஆகியோரோடு நோயாளருக்குப் பணிசெய்யும் பெண்களுக்கும் அதில் ஊதியம் வகுக்கப்பட்டிருக்கிறது.

பிறகு அயற்சொற்கள் வரிசையாக வந்தன. தாதி என்ற ஒரு தமிழ் வடிவத்துக்குள் இரண்டு வடசொற்கள் குடியேறின: வளர்ப்புத்தாயைக் குறிக்கும் தாத்ரி ஒன்று, பணிப்பெண்ணைக் குறிக்கும் தாசி மற்றொன்று. தாசன் தாதனானது போலத் தாசி தாதியானது. அதனால் தமிழ்நாட்டில் தாதி என்ற சொல்லுக்கு ஏவற்பெண்ணின் சாயல் ஒட்டிக்கொண்டது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அதே சொல் தாத்ரியின் மதிப்போடு வளர்ந்து தாதியர் என்று இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. ஒரே சொல் இரு கரைகளில் இருவேறு தலையெழுத்தோடு வாழ்வது மொழியில் அரிதன்று. ஆயா போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். ஆய், ஆயி என்று தாயைக் குறிக்கும் நம் சொற்களோடு ஒலி சேர்ந்ததால் வேற்றாள் என்றே தோன்றாமல் கலந்துவிட்டது. நர்ஸ் என்பதன் இலத்தீன் மூலமும் ஊட்டி வளர்ப்பவளையே குறித்தது. குழந்தையை வளர்த்தவளின் பெயர் நோயாளியைப் பார்ப்பவளுக்குப் போய்ச் சேர்ந்த அதே பயணத்தை நர்ஸும் செவிலியும் தனித்தனியே நடந்திருக்கின்றன. சிஸ்டர் கன்னியர் மடத்திலிருந்து வார்டுக்கு வந்தது. நம் மக்கள் அதை முறைப்பெயராகவே எடுத்துக்கொண்டு, ஆண் செவிலியரைப் பிரதர் என்றும் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909இல் பயிற்சிப் பள்ளியும் 1946இல் பட்டப்படிப்பும் வந்தன. அந்தக் கூடங்களில் ஆண்டதெல்லாம் நர்ஸ் என்ற சொல்தான். கலைச்சொல்லாக்கக் காலத்தில் சங்கப் பாட்டின் செவிலியை எடுத்துத் துடைத்து, செவிலியர் என்று அர் விகுதி கொடுத்து வார்டுக்குள் அழைத்துவந்தார்கள். அந்த அர் செய்த நன்மை பெரிது. ஆண்பாலான உழைச்செல்வானும் பெண்பாலான செவிலியும் ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்தனியே இருந்தார்கள்; செவிலியர் என்ற பலர்பால் வடிவம் இருவரையும் ஒரே உடுப்பில் நிறுத்தியது. இந்தப் பாடத்தை எடுக்கத் தயங்கும் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள்: இந்தப் பணிக்கு வள்ளுவர் வைத்த பெயர் ஆன் விகுதி பெற்றது.

செவிலியம் என்ற பாடப்பெயர் அதன்பின் வந்த இளஞ்சொல். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன்வந்தது. அந்தப் பிரிவின் பாடங்களில் ஒன்றாக இந்தச் சொல் பாடநூல் அட்டையில் ஏறியது. செவிலி, அம் என்ற இரண்டும் சேர இடையில் யகர உடம்படுமெய் தோன்றியதுதான் செவிலியம். ஆனால் பெண்ணியம், மார்க்சியம் என்று பழகிய காதுக்கு அது ஒரு கொள்கையின் பெயர்போல ஒலிக்கிறது. ஒலிக்கட்டும். அதைப் படித்து முடித்தவர்கள் பெயர்தாங்கிய வேறு படிகளில் ஏறலாம். துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு, பட்டயப்படிப்பு 3 ஆண்டு, பட்டப்படிப்பு 4 ஆண்டு. பக்கவாட்டிலும் வழிகள் உண்டு: மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், இயன்முறை மருத்துவர். எல்லாம் நம் காலத்தில் நன்றாக வார்க்கப்பட்ட சொற்கள்.

துணைச் செவிலியர் என்னும்போது துணை என்பதைத் தாழ்ந்த படி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். துணைக்கு அந்தப் பொருள் பின்னால் வந்தது. அதன் பழம்பொருள் இணை, ஒத்த அளவு. இத்துணை, அத்துணை என்பவற்றில் அளவாகவும், வாழ்க்கைத்துணையில் இணையாகவும், வழித்துணையில் காவலாகவும் இருப்பது அதே சொல். எழுத்தில் துணைக்கால் இடாவிட்டால் ககரம் காகாரமாவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக ஊர் ஊராகச் சென்று கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்தத் துணைப் பயிற்சி வழியே வந்தவர்கள். செல்வான் என்னும் வினை அவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனக்குக் குறையாகப் படுவது ஒரே பெயர்தான். தேசியத் திறன் பயிற்சித் திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கும் கற்றுத் தரப்படும் நோயாளர் பராமரிப்புப் பணிக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சில் அது ஜி.டி.ஏ. என்று சுருங்கிவிட்டது. பொது, பணி, உதவி என்ற அந்த மூன்று சொற்களிலும் நோயாளி இல்லை, பக்கம் இல்லை, கை இல்லை; கிடங்கிலோ வங்கியிலோ பணிபுரிபவருக்கும் இதே பெயரை வைத்துவிடலாம். பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் என்ற அரசுப் பெயரில் மருத்துவமனையாவது இருக்கிறது.

உழைச்செல்வானை அப்படியே மீட்கலாம் என்றால் ஒரு சிக்கல். மதிப்புக்காக அர் சேர்த்து உழைச்செல்வர் என்றாக்கினால், செல்வர் என்ற சொல் பொருளுடையோரை இழுத்துக்கொண்டு வந்து, உழைப்பால் செல்வரானவர் என்று கேட்பவரை மயக்கும். ஆகவே பழைய வழக்கிலேயே கிடக்கும் உழையர் என்ற வடிவத்தை நான் முன்வைக்கிறேன். பக்கத்தில் இருப்போர் என்பது அதன் பொருள். ஆண், பெண் இருவருக்கும் பொது. நாலே எழுத்து, ழகரம் வந்தாலும் நாக்குக்குத் தடையில்லை, உழைப்பின் எதிரொலி தானாகவே உடன்வருகிறது. சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் அடங்கும், வார்டில் உரக்கக் கூப்பிட்டாலும் மரியாதை குறையாது. செவிலியர், துணைச் செவிலியர், உழையர் என்று பதினொன்றாம் வகுப்புச் செவிலியப் பாடநூலின் முதல் இயலில் மூன்று பெயர்களையும் ஒருசேர அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பணியாளர் என்ன செய்வார் என்று எழுதுவது அடுத்த பதிப்பிலேயே செய்யக்கூடிய வேலை.